நாளைக்கும் வரும்

என் வீட்டுக்காரர் சிவகாசியில் நாலு கலர் அச்சு மெஷின் ஓட்டினார். பொண்டாட்டி பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அவரைப் போல ஒரு மெஷின்காரர் அந்த ஊரிலேயே கிடையாது. காலண்டரில் முருகன் முகம் துளி கறுத்தாலும் மெஷினை நிறுத்திவிடுவார். தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். லோடு ஏற்ற வண்டி நிற்கிறதே என்று முதலாளி பதறுவார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வீட்டில் கை கழுவத் தண்ணீர் கிடையாது. விரல் மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தேய்த்து, அரைச் செம்புத் தண்ணீரில் அலசுவார். தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தாலே பெரிய காரியம். வருகிற அன்று நான் வெடி கம்பெனிக்கு லீவு போட்டுவிடுவேன். குடம், அண்டா, குக்கர் எல்லாவற்றிலும் பிடிப்போம். ஒரு தடவை அவர் பிள்ளையின் பால் பாட்டிலைக்கூட நிரப்பி வைத்திருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது எனக்கு.

சார்ஜாவில் ஓர் அச்சகத்துக்கு ஆள் கேட்டார்கள். இவர் போகிறேன் என்றதும் முதலாளி சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"சம்பளம் நல்லாத்தான் தாரீக மொதலாளி. எங்க தெருவுக்குத் தண்ணி விட முடியுமா ஒங்களால?" என்று இவர் கேட்டார்.

பாவம், அவர் என்ன செய்வார்! இவர் விமானம் ஏறிவிட்டார். அங்கேயும் தாளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாராம். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்த வாரம் மேனேஜரே பின்னால் வந்து நின்றாராம்.

இரண்டு வருஷம் கழித்து, பிள்ளையோடு ஒரு மாதம் அவரிடம் இருந்துவிட்டு வரக் கிளம்பினேன். முதலாளி வீடு தேடி வந்தார்.

"ஏம்மா, ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போடணும். அவன் போனதுல இருந்து ஒரு சாமி மொகமும் சரியா வரல. எப்படியாச்சும் கையோட கூட்டிட்டு வந்துரு."

"கட்டாயம் கூட்டிட்டு வாரேன் மொதலாளி" என்றேன். எனக்கும் அதுதான் ஆசை. தனியாகக் கிடந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. போன அன்றைக்கே பேச்சை எடுத்துவிடுவது என்றிருந்தேன்.

சார்ஜாவில் எங்களை அறையில் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போனார். குளியலறை வாளி காலியாகக் கிடந்தது. அடுப்படியில் ஒரு பாத்திரத்திலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆம்பளை தனியாக இருந்தால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே குழாயைத் திறந்தேன். கொட்டியது! விடுவேனா? வாளி, சட்டி, டம்ளர் ஒன்று பாக்கியில்லாமல் நிரப்பி, தட்டுப் போட்டு மூடி வரிசையாக வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ புள்ள, எதுக்கு இம்புட்டையும் புடிச்சு வச்சிருக்க? நாளைக்கும் வரும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பால் பாட்டிலில் தண்ணீர் பிடித்த மனுஷன்! அவர் குழாயைத் திறந்துவிட்டு, அவசரமே இல்லாமல் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த மைகூடச் சுத்தமாகப் போயிருந்தது.

முதலாளி சொல்லியனுப்பியதை நான் சொல்லவேயில்லை. சோறு போட்டுக்கொண்டே, பிள்ளையைச் சேர்க்க இங்கே பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்டேன்.