ஒரு நாள் முந்திய கொம்பியூட்டர்

போன வியாழக்கிழமை எங்கள் மீனவர் சங்கத் தலைவரின் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில். பெயருக்குக் கீழே, புதிதாகக் கட்டப்போகும் இறங்குதுறையின் படம். துறை இருந்ததோ... பாறைக்கு மேலே!

எப்படி? சொல்கிறேன்.

சங்கத்துக்கு இரண்டு கொம்பியூட்டர்கள். ஒன்று மன்னார் டவுனில், செயலாளராக இருக்கும் பாவத்துக்கு என் வீட்டில். மற்றது முசலிக் கரையில், தலைவர் ஹாஜியார் வீட்டில். இரண்டுக்கும் இன்டர்நெட் கிடையாது. சிக்னல் இல்லாமல் அல்ல — ஹாஜியாரின் கட்டளை.

“நெட்டில போட்டா விஷயம் வெளியில போயிடும். சங்கத்திட ரகசியம் சங்கத்துக்குள்ளதான் இருக்கோணும்.”

அப்படியானால் ஃபைல் எப்படிப் போகும்? பென் டிரைவில். பென் டிரைவ்? முசலிக் கரைக்குப் போகும் சிலாவத்துறை பஸ்ஸில்... மருந்து, கல்யாணக் கார்ட், கருவாட்டுப் பார்சல் என்று எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கண்டக்டர் ரவியின் சட்டைப் பையில். ரகசியம் என்றால் அதுவல்லவோ ரகசியம்!

என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகள் நஸ்ரியா, படம் வரையப் படித்தவள். போனிலும் செருகக்கூடிய பென் டிரைவ் ஒன்றை வாங்கி, கொம்பியூட்டர்களில் ஒரு புரோகிராமும் போட்டுத் தந்தாள். பென் டிரைவைச் செருகினால் போதும். பென் டிரைவிலும் கொம்பியூட்டரிலும் உள்ள ஃபைலைத் திகதி பார்த்து ஒப்பிடும். புதியதை இரண்டிலும் வைத்து, பழையதை அழித்துவிடும்.

துறையின் படமும் அவள் வரைந்ததுதான். முதல் படத்தில் இடம் பிழையாகிவிட்டது. மீனவர்கள் மன்னாருக்கே வந்துவிட்டார்கள்.

“அது பாறை, பிள்ளை. சோளகக் காத்துக்கு போட்டெல்லாம் அடிபட்டு உடைஞ்சிடும். கொஞ்சம் தெற்கால தள்ளிப் போடுங்கோ.”

செவ்வாய்க்கிழமை நஸ்ரியா என் வீட்டிலிருந்து படத்தைத் திருத்தினாள். மத்தியான பஸ்ஸில் அனுப்பினேன். ஹாஜியார் செருகி எடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் பென் டிரைவைத் திருப்பி அனுப்பினார். வழக்கம்போல என் கொம்பியூட்டரில் செருகி எடுத்தேன்.

வியாழன் அன்று, முசலிக் கரை மண்டபத்தில், துறை கட்ட வந்த அதிகாரிகள் முன்னால் ஹாஜியாரின் கொம்பியூட்டரைத் திறந்தால் பழைய படம்!

நஸ்ரியா ஹாஜியாரின் கொம்பியூட்டரை உற்றுப் பார்த்தாள். “ஹாஜியார், இதில வெள்ளிக்கிழமை எண்டு கிடக்குது?”

“ஓம் மகள், நான்தான் வச்சனான். மணிக்கூட்டைக் கொஞ்சம் முன்னுக்கு வச்சா பஸ் தப்பாது. இதை ஒரு நாள் முன்னுக்கு வச்சா கடைசித் திகதி ஒண்டும் தப்பாது!”

விஷயம் இதுதான். செவ்வாய் காலை ஹாஜியார் பழைய படத்தைத் திறந்து, தன் பெயரை மட்டும் பெரிதாக்கிச் சேமித்திருக்கிறார். நமக்கெல்லாம் செவ்வாய், அவர் வீட்டில் புதன். புரோகிராமுக்கு என்ன தெரியும்? புதன்கிழமைப் படமே புதியது என்று எங்கள் படத்தை அழித்துவிட்டது. மாலையில் என் வீட்டுக்கும் வந்து மிச்சத்தையும் துடைத்துவிட்டது.

“இண்டைக்குத் தாற படம்தான் கொழும்புக்குப் போகும்” என்றார் அதிகாரி. மீனவர்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பாறையில் உடையப்போவது இவர்களின் படகுகள் அல்லவா?

கூச்சல் கேட்டு வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த ரவி; என்னை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்பவன்.

“நானா, இது பழைய படமெல்லோ? திருத்தினது என்ர போனில கிடக்கு.”

“உங்கட போனில எப்பிடி?” என்றேன்.

“மச்சான் கடலுக்குப் போறவர். துறை எங்க வருகுதெண்டு கேட்டவர். அதான் போனில செருகி எடுத்தனான். பஸ்ஸில கேட்ட ஆக்களுக்கும் அனுப்பினனான்... குறை நினைக்காதேங்கோ.”

மண்டபத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்து நீட்டினார்கள். ஒவ்வொன்றிலும் சரியான படம். முசலிக் கரையில் அதைப் பார்க்காத ஒரே ஆள் எங்கள் தலைவர்தான்!

நாம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த இரண்டு இடத்திலும் அழிந்துபோனது, கசிந்த இடமெல்லாம் பத்திரமாக இருந்தது. ரவியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அதிகாரி அந்தப் படத்தையே வாங்கிக்கொள்ள, துறையும் தெற்கே தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“பாத்தீங்களோ? இதுக்குத்தான் நெட் வேண்டாம், பஸ்ஸில அனுப்புங்கோ எண்டு சொன்னனான்!”