காற்றில்லாத வயல்

ஐஸ் பெட்டியின் மூடிமேல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார் சகாயவினோத். படகு இன்ஜினின் சூட்டை இருபது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் பார்த்துவருகிறார். சூடு பொறுக்கும் அளவில் இருப்பது தெரிந்ததும் தலையை ஒருமுறை அசைத்துக்கொள்கிறார். கைப்பேசிக்குள் நாற்பது நிமிட உழவு ஒன்று சுருங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று ஜி.பி. அளவுள்ள அந்தக் காணொளி தொண்ணூறு எம்.பி.க்குள் அடங்கியாக வேண்டும். "இன்னும் பதினெட்டு நிமிசம் கேக்குது" என்று, தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் மனைவி பிரெசில்லாவிடம் அறிவிக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆயினும் அறிவிப்பது வழக்கம்.

தங்கச்சிமடத்தில் வசிக்கும் சகாயவினோத்துக்கு வயது முப்பத்தொன்பது. இராமேசுவரம் துறையிலிருந்து தொழிலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றின் டிரைவர் அவர். வாரத்தில் மூன்று நாள் கடல். எஞ்சிய நாள்களில், பிற்பகல் உறக்கம் கலைந்து எழுந்தவுடன் அவர் கோதுமை பயிரிடுகிறார். அவருக்கு நிலம் கிடையாது. அவர் தந்தைக்கும் இருந்ததில்லை. ஊன்றிய விதை ஒன்று முளைத்து வெளிவருவதைக் கண்ணால் கண்டதே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய ஒன்பது வயல்களும், இரண்டு டிராக்டர்களும், பச்சை நிற அறுவடை இயந்திரமும் கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்குள் இருக்கின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில், கரையேற்றிய படகின் நிழலில் பொழுதைப் போக்க வழியின்றி அமர்ந்திருந்தபோது தொடங்கிய பழக்கம் இது. முதலில் மீன்பிடி விளையாட்டைத்தான் இறக்கிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் அதை அழித்துவிட்டார். "வலைய எறிஞ்ச ஒடனே மீனு வருது. அப்பிடி ஒரு கடல் இருந்தா நான் எதுக்கு இங்கன ஒக்காந்திருக்கேன்?" என்பது அவருடைய விமரிசனம். உழவு விளையாட்டு அவரை ஏமாற்றவில்லை. அதைச் சரிபார்க்கும் அளவுக்கு உழவு அவருக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிராக்டரைக் கிளப்பும் பொத்தானைத் தொடுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். படகில் இன்ஜினைக் கிளப்புமுன் செய்வதை இங்கே மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்பார். "வெதைக்கிறதுக்குச் செபமாலையும் சொல்லிக்கிருங்க" என்பார் பிரெசில்லா. தொடக்கத்தில், வரப்பு வருவதற்கு வெகு முன்னதாகவே சக்கரத்தை ஒடித்துவிடுவார். படகு உடனே நிற்காது. முன்கூட்டித் திருப்பினால்தான் திரும்பும். அதனால் அவர் உழுத வயல்களெல்லாம் நான்கு மூலையும் மழுங்கி, தோணியின் வடிவத்தில் கிடந்தன. பரமக்குடிப் பக்கத்துப் பார்வையாளர் ஒருவர், 'அண்ணே, டிராக்டருக்குப் பிரேக் உண்டு' என்று எழுதினார். சகாயவினோத் அதை மறுக்காமல் நன்றி தெரிவித்தார். மறுவாரம் மூலைகளை நேராக்கிக் காட்டினார்.

இந்தக் காணொளிகளை அவர் ஏற்றும் பக்கத்தின் பெயர் 'கடலோரக் கலப்பை'. பின்தொடர்வோர் அறுநூற்றுச் சொச்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் உள்நாட்டு ஊர்களைச் சேர்ந்த உழவர்கள். கடலோடி ஒருவன் வயலில் படும் பாட்டைக் காண்பதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவர் மீனவர் என்பது எல்லாருக்கும் தெரியும், அவர் மறைத்ததில்லை.

விளையாடுவதைக் காட்டிலும் சுருக்குவதில்தான் தம் கைத்திறன் இருப்பதாக அவர் கருதுகிறார். பதிவுசெய்ததை அப்படியே ஏற்றினால், அந்த வீட்டில் கிடைக்கும் அலைவரிசைக்கு ஒரு பகல் போதாது. பார்ப்பவர்களுக்கும் அது இறங்காது. அளவுக்கு மீறிச் சுருக்கினாலோ படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். "ஐஸ் கூடுனாலும் மீனு கெடும், கொறஞ்சாலும் கெடும். இதுவும் அதேதான்" என்று அதற்கு விளக்கம் சொல்வார். எது சுருங்கும், எது சுருங்காது என்பதைப் பட்டறிவினாலேயே கண்டுகொண்டிருக்கிறார். அசையாத பொருள் சுருங்கும், அசைவது சுருங்காது. வானம் சுருங்கும், களஞ்சியத்தின் சுவர் சுருங்கும், உழுத மண் அழகாகச் சுருங்கும். மழை பெய்தால் போயிற்று. எல்லாவற்றையும்விடக் கொடியது விளைந்த வயல்: ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடும். அதைச் சுருக்கினால் திரிந்த பாலைப் போலாகிவிடும். ஆகவே கடலோரக் கலப்பையில் உழவு உண்டு, விதைப்பு உண்டு, உரமிடுதல் உண்டு. அறுவடை மட்டும் இல்லை. அறுவடைகளையெல்லாம் பதிவுசெய்யாமல் தனியே முடித்துக்கொள்வார்.

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. காணொளியை எந்த இடத்திலும் வெட்டமாட்டார். வயலின் முதல் உழவுச் சாலிலிருந்து கடைசிச் சால்வரை முழுமையாக இருக்க வேண்டும். சுவையான பகுதிகளை மட்டும் ஒட்டி விரைவாக ஓடவிட்டால் பார்வையாளர்கள் பெருகுவார்கள் என்று பலர் அறிவுரை கூறிவிட்டனர். அவர் இணங்கவில்லை. "மூணு மணி நேரம் வலய இழுத்துட்டுப் போறதுதான் தொழிலு. மீன அள்ளிப் போடுறத மட்டும் காட்டுனா அது பொய்யி" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நாற்பது நிமிடக் காணொளியைக் கடைசிவரை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். உத்தரகோசமங்கைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் மூன்று ஏக்கர் மானாவாரி நெல் விளைவிக்கும் செல்லச்சாமி. ஊருக்குள் அவருடைய கைப்பேசிக்கு அலைவரிசை எட்டாது. கண்மாய்க் கரைமேல் ஏறி நின்றால் எட்டும். அங்கே நின்று காணொளியை இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பார்ப்பார். தொண்ணூறு எம்.பி. என்பது அவருக்காகவே சகாயவினோத் வகுத்துக்கொண்ட எல்லை. அதற்கு மேற்பட்டால் இறங்குவதற்குள் அறுந்துவிடும். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. குரல்செய்திகளில், இவர் அவருக்குத் 'தம்பி', அவர் இவருக்கு 'அண்ணே'.

சென்ற தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாக, காலம் தவறிய மழை ஒன்று மாவட்டத்தின் மேல் மூன்று நாள் நின்று பெய்தது. கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த சகாயவினோத்துக்கு ஐந்தாம் நாள் செல்லச்சாமியிடமிருந்து குரல்செய்தி வந்தது. கதிர் முற்றி, அறுப்புக்கு ஆளும் பேசிய நிலையில், மூன்று ஏக்கரும் தண்ணீரில் படுத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றமில்லை. "இந்த வருசம் அறுப்பப் பாக்க என் கண்ணுக்குக் குடுத்து வைக்கல தம்பி. நீங்களாச்சும் ஒரு அறுப்புக் காட்டுங்க. பொங்கலுக்கு முன்ன காட்டுனா நல்லது" என்றார்.

சகாயவினோத் அந்தச் செய்தியை இருமுறை கேட்டார். மறுமொழியாக, "காட்டுறேண்ணே" என்று மட்டும் அனுப்பினார். அனுப்பிய பிறகுதான், தம்மால் செய்ய இயலாததாகத் தாமே முடிவுகட்டி வைத்திருந்த ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதை உணர்ந்தார்.

மூன்று பிற்பகல்கள் முயன்றார். நொடிக்கு அறுபது படம் என்றிருந்ததை முப்பதாக்கினார், பிறகு இருபத்துநான்காக்கினார். படத்தின் அளவைக் குறைத்தார். இயந்திரத்துக்குள்ளிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு, பின்னால் உயரத்திலிருந்து பார்க்கும்படி மாற்றினார். எதுவும் உதவவில்லை. வயல் நொறுங்கிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள், விளையாட்டின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, காற்றின் வேகத்துக்கென்று ஒரு கோடு இருப்பதைக் கண்டார். அதைச் சுழியத்துக்கு இழுத்தார். கதிர்கள் அத்தனையும் ஒரே கணத்தில் அசைவற்று நின்றன.

அவர் முகத்தில் படர்ந்த நிறைவைப் பிரெசில்லா இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார். மூன்றாம் வயலை முழுவதும் அறுத்து, நாற்பத்தொரு நிமிடம் பதிவுசெய்து சுருக்கியபோது எண்பத்தாறு எம்.பி. வந்தது. ஒரு கட்டமும் உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்ததும் செல்லச்சாமிக்கு அனுப்பிவிட்டு, மீன்குழம்பை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டு வாங்கி உண்டார்.

மாலையில் மறுமொழி வந்தது.

"பாத்தேன் தம்பி. மெசினு நல்லா ஓட்டுறீக. ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. கதிரு ஒண்ணுகூட அசையலையே. காத்து எங்க போச்சு?"

சகாயவினோத் நேரடியாகவே அழைத்தார். காற்றைத் தாம்தான் நிறுத்தியதாகச் சற்றுப் பெருமையோடு சொன்னார். எதற்கு என்று கேட்டார் செல்லச்சாமி. சுருக்கும் முறையை விளக்கியபின், "காத்து நின்ன நாளு நல்ல நாளுதானண்ணே" என்று சேர்த்துக்கொண்டார் சகாயவினோத்.

"ஒங்களுக்கு நல்ல நாளு" என்றார் செல்லச்சாமி. கண்மாய்க் கரையின் இரைச்சல் அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது. "வெளஞ்ச வயலுக்குள்ள காத்துப் போறதப் பாக்கத்தான தம்பி வரப்புல போயி நிக்கிறது. இது எப்பிடி இருக்கு தெரியுமா? தண்ணியில படுத்துக் கெடக்குல்ல என் நெல்லு, அதுவும் இப்பிடித்தான் அசையாமக் கெடக்கு."

பேச்சு அங்கேயே அறுந்தது. அலைவரிசை போயிற்றா, செல்லச்சாமி வைத்துவிட்டாரா என்பது சகாயவினோத்துக்குத் தெரியவில்லை. காற்று நின்றால் கடலில் படகு ஆடாது, வலை முறுக்காது, நடுக்கடலிலும் கண்ணயரலாம். அப்படிப்பட்ட நாளைத்தான் அவர் செல்லச்சாமிக்குக் கொடுத்திருந்தார். மீனவன் ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

திங்கட்கிழமை கடலுக்குப் போனார். செவ்வாய் காலை கரைக்கு வந்தவர் உறங்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, காற்றின் கோட்டைப் பாதிக்கு மேல் இழுத்துவிட்டு, விளைந்து நின்ற நான்காம் வயலில் இறங்கினார். பதிவு முடிந்ததும், நாற்பது நிமிடத்தையும் தொண்ணூறு எம்.பி.க்குள் அடக்க மறுபடியும் முயன்றார். வயல் மறுபடியும் திரிந்தது. அதே தொண்ணூறில் நீளத்தைக் குறைத்தால் ஒவ்வொரு நொடிக்கும் கூடுதலாக இடம் கிடைக்கும் என்பது அவருக்கு நெடுநாளாகவே தெரியும். தெரிந்தும் அதைத் தொடாமலிருந்தார்.

"வெட்டப் போறீகளா?" என்று கேட்டார் பிரெசில்லா. தையலை நிறுத்தியிருந்தார்.

"ஆறு நிமிசம் வச்சுக்கிறேன்."

"மீதி?"

"மீதிய அவரே அறுத்துக்கிருவாரு."

எந்த ஆறு நிமிடம் என்று முடிவுசெய்வதற்கு மாலைவரை ஆயிற்று. இயந்திரம் முகம் காட்டுவதற்கு முன்பு, வெறும் வயல் மட்டும் காற்றில் புரளும் ஒன்றரை நிமிடத்தை முன்னால் வைத்தார். அறுவடை அதன்பிறகே தொடங்கியது. எண்பத்தொன்பது எம்.பி. கதிர்கள் கதிர்களாகவே இருந்தன. ஓரங்களில் இலேசாகக் கலங்கியதை அவர் பொறுத்துக்கொண்டார். போகியன்று காலை எட்டு மணிக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாம் குறி பத்தரைக்குத்தான் விழுந்தது. அதற்குள் கைப்பேசியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்பதைப் பிரெசில்லா எண்ணிவைத்திருந்தார், சொல்லவில்லை.

பன்னிரண்டு மணி அளவில் செல்லச்சாமி அழைத்தார். நன்றாயிருக்கிறது என்றோ, நன்றி என்றோ அவர் சொல்லவில்லை. வயலை மேற்பார்வை பார்த்துவிட்டு வந்தவரின் குரலில் பேசினார்.

"தம்பி, நாலாவது நிமிசத்துல வடக்க திரும்புனீகள்ல, அங்கன வரப்போரமா ஒரு பத்தி அறுக்காம விட்டுட்டீக. நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக ரெண்டு பேரும் பாத்துட்டு, அது நிக்கிதேங்குதுக."

"விட்டுட்டனா?"

"மூணு முழ அகலம் இருக்கும். வெளஞ்ச கதிரு. அத நிக்க விடலாமா?"

"கதிரு ஆடுறதப் பாத்துக்கிட்டே வந்துட்டேண்ணே. கவனிக்கல."

"அது சரி" என்றார் செல்லச்சாமி. "அது அப்பிடித்தான் இழுக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிரெசில்லா சோறு போட்டு வைத்து அழைத்தார். சகாயவினோத், "இந்தா வாரேன்" என்றவாறே விளையாட்டைத் திறந்தார். நான்காம் வயலின் வடக்கு வரப்பு. செல்லச்சாமி சொன்ன இடத்தில், சொன்ன அகலத்தில், ஒரு பத்தி கோதுமை காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் பதிவுக்கான சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைத் தொடாமல், அறுவடை இயந்திரத்தை மெதுவாக வரப்போரம் கொண்டுபோய் நிறுத்தி, அந்தப் பத்தியைக் கடைசிக் கதிர்வரை அறுக்கத் தொடங்கினார்.