கல்கிசையில் அலை உடையாத இடம்

கடலில் நான் சாகப் பார்த்ததைப் பற்றி எழுதினால், செல்லத்துரையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. விருப்பமில்லை, வேறு வழியுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலைநாட்டில் பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நாங்கள் இருவரும் சின்னக் கிளாக்கர்கள். நான் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவன். அவன் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரன். அவனுடைய ஆங்கிலக் கடிதங்களைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அப்படியே கையெழுத்திட்டு அனுப்புவார், என்னுடையவற்றைத் திருத்துவார். பெரிய கிளாக்கர் ஓய்வுபெறவிருந்தார். அந்த நாற்காலி எங்களில் ஒருவருக்கு.

தேயிலைச் சாம்பிள்களோடு துரை எங்களைக் கொழும்புக்கு அழைத்துப்போனார். வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கல்கிசைக் கடற்கரையில் நின்றோம். துரை கடலைப் பற்றி அவனிடமே கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சட்டையைக் கழற்றினேன்.

எங்கள் ஆறுகளில் நுரைக்கும் இடத்தில் பாறை இருக்கும். அடங்கிய தண்ணீரில்தான் இறங்குவோம். இங்கும் இரு பக்கமும் அலை உடைய, நடுவே அடங்கிக் கிடந்த தண்ணீரைத் தேர்ந்தேன்.

“ஐசே, உதுக்குள்ள இறங்காதையும். அலை உடையாத இடத்தாலதான் தண்ணி வெளிய இழுக்கும்,” என்றான் செல்லத்துரை.

“கடல் என்ன உங்க வீட்டுச் சொத்துங்களா? தோட்டத்து அணைக்கட்டுல பத்து வருசமா நீந்துறேங்க.”

“அணைக்கட்டு உம்மை இந்தியாவுக்குக் கொண்டுபோகாது. இது கொண்டுபோகும்.”

இறங்கினேன். மார்பளவில் கால் தரையை விட்டது. ஆற்றில் வெள்ளம் வந்தால் நேரே கரைக்கு அடிப்போம்; அப்படியே அடித்தேன். கரை தள்ளிப்போனது. கைகள் ஓய்ந்தபோது நாலு முழத்துக்கு அப்பால் அவன் தலை தெரிந்தது.

“என்னைப் பிடியாதையும்! கரையைப் பாக்காதையும்! பக்கவாட்டில நீந்தும்!”

கரையோரமாகவே நீந்தினோம். இழுப்பு விட்டது. உடையும் அலைகளே எங்களை மணலில் தள்ளின.

துரை ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். இருவரும் பந்தயம் வைத்து நீந்தியதாகச் செல்லத்துரை சொன்னான். பொய்யையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னான்.

மூன்று மாதத்தில் அவன் பெரிய கிளாக்கரானான்.

கடலுக்குப் போகும் இளம் உத்தியோகத்தர்களுக்குச் சொல்கிறேன்: அடங்கிய தண்ணீரை நம்பாதீர்கள். இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். கடலை அறிந்தவன் தடுத்தால், அவனைப் பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால், உயிரைக் காப்பாற்றியவன் மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு, அவனுக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.