கடைசிச் சிவப்பு வரி

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அந்த இருமல். சமையலறையில் நின்றிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்ட தோழியின் இருமல் தெரியாமல் போகுமா?

"வாங்கக்கா! உள்ளதான் இருக்கா," என்றார் கணவர். "மூணு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்கா. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு தினமும் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன்."

"நல்லதுதானே. எதுவும் கேட்காம கழுவுங்க," என்றாள் தோழி.

சிரிப்பு கேட்டது. இவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் இவள் 'ரெக்கார்டம்மா'. பதிவேட்டுப் பிரிவில் இருபத்தேழு வருடம். எந்த ஊழியரின் கோப்பைக் கேட்டாலும், கேட்டவர் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எடுத்து நீட்டுவாள். நூலகம், விடுதி, மருத்துவமனை, சம்பளப் பிரிவு என்று தனித்தனியாகக் கிடந்த விவரங்களையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப் போகிறார்கள் என்றதும் அதிகம் பயந்தவளும் இவள்தான். அலமாரிக்கே வேலை இல்லையென்றால் அலமாரியை அறிந்தவளுக்கு என்ன வேலை? பயத்தை விழுங்கிக்கொண்டு மாங்கு மாங்கென்று உழைத்தாள்.

ஒரு ஆளுக்கு ஒரே பதிவு என்பது விதி. ஒருவரைப் பற்றி இரண்டு பிரிவுகள் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த வரி திரையில் சிவப்பாக நிற்கும். எது சரியென்று இவள் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தேகம் என்றால் 'விசாரணைக்கு' என்ற பொத்தானை அழுத்திக் குழுவுக்கு அனுப்பிவிடலாம்.

நாலாயிரம் சிவப்பு வரிகள் நான்கு மாதத்தில் கரைந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. தினமும் இவள் வேண்டுமென்றே தாண்டிப் போன வரி அது. நூலகத்தில் வேலை பார்த்த தோழியின் பிறந்த தேதி. பணிப் பதிவேட்டில் ஒரு தேதி, மருத்துவமனைச் சீட்டில் அதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி.

உண்மை எதுவென்று இவளுக்குத் தெரியும். "ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா ரெண்டு வயசைக் குறைச்சுட்டாருடி. டாக்டர்கிட்ட பொய் சொல்ல மட்டும் வாய் வரல," என்று சாப்பாட்டு வேளையில் ஒருநாள் தோழிதான் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பதிவாளரும் மூன்று அதிகாரிகளும் இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "ஒண்ணுதானா மிச்சம்? முடிச்சிடுங்கம்மா. எல்லாப் பல்கலைக்கழகத்துலயும் நாமதான் முதல்ல!" என்றார் பதிவாளர். விசாரணைக்கு அனுப்பினால் எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கும். பொய்த் தேதியைப் போட இருபத்தேழு வருடப் பழக்கம் விடவில்லை; இவள் உண்மையான தேதியை அழுத்தினாள். பூஜ்ஜியம் வந்தது. கை தட்டினார்கள். பாவி, இவளும் சிரித்தாள்!

திங்கட்கிழமை, ஓய்வு வயது தாண்டிவிட்டதாகத் தோழிக்குக் கடிதம் போயிற்று. இவள் பதிவாளர் அறைக்கு ஓடினாள். "உண்மையைத்தானேம்மா போட்டீங்க?" என்று அவர் வேறு கோப்பைப் புரட்டினார். விடுவிப்பு உத்தரவுக்கு இவளும் ஒப்புதல் அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. அழுத்தாதவரை அக்கா தன்னோடு இருப்பதாக ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

டீயோடு கூடத்துக்கு வந்தாள். கணவர் மெல்லப் பின்பக்கம் நகர்ந்தார்.

"உன் கையால இந்த வெந்நீர் டீ குடிச்சு நாளாச்சு," என்று தோழி தம்ளரை வாங்கிக்கொண்டாள். "என் உத்தரவு பதினோரு நாளா உன்கிட்டதான் நிக்குதாம். ஒரு தனியார் காலேஜ் லைப்ரரில என்னைக் கேட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில உத்தரவோட போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"ஐயோ, அது எனக்குத் தெரியாதுக்கா. நான் அழுத்தினா நீங்க போயிடுவீங்களேன்னு..."

"நிறுத்த வேண்டிய அன்னைக்கு நிறுத்தல. இப்ப நிறுத்தி வெச்சிருக்க."

இவள் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"அதான் எல்லாம் ஒண்ணாயிடுச்சே! லைப்ரரில உட்கார்ந்து என் பேரைத் தட்டினேன். தேதிக்குக் கீழயே 'மாற்றியவர்'னு உன் பேரு."

இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பின்னாடி நாலு பேரு நின்னாங்கக்கா. என்னைத் திட்டுங்க. ரெண்டு அறையாவது விடுங்க."

"திட்டினா உனக்கு மனசு ஆறிடும். எனக்கு?" தோழியின் குரல் முதல் முறையாக உடைந்தது. "நீ போட்டது பொய்யில்லடி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அழுத்துன்னு நானே சொல்லியிருப்பேன். கேட்கலியே."

இவள் மடிக்கணினியைத் திறந்தாள். கண்ணீரில் எழுத்து தெரியாமல் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை திறந்தது. அழுத்தினாள். உத்தரவு போய்ச் சேர்ந்து தோழியின் கைப்பையில் போன் ஒலித்தது. தோழி எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, டீயை மீதம் வைக்காமல் குடித்து எழுந்தாள்.

எப்போது கிளம்பினாலும், "கதவைச் சாத்தாதே, எதையாவது மறந்து வெச்சிருப்பேன், திரும்பி வருவேன்," என்பாள். கண்ணாடியோ குடையோ நிச்சயம் இங்கே கிடக்கும். இன்று வாசலில் நின்று கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். எதையும் மறக்கவில்லை.

"அக்கா..."

தோழி வெளியே போய், கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.