மூன்று மணியோசையைத் திருடியவர்கள்

என் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற தொழிற்சாலையில் பதினோரு வருடம் பிரஸ் மிஷின் ஓட்டினாள். அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிராகன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போட்டுக்கொண்டு போகும் கறுப்புச் சட்டையில், வெளுத்துப்போன டிராகன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவள் உயிரை விடுகிற பவர் மெட்டல் குழுவின் சட்டை அது. அதைத் துவைக்கிற வேலையை மட்டும் மாமாவிடம் தரமாட்டாள்.

பவர் மெட்டல் என்கிற வெளிநாட்டு ராக் இசை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமுடிக்காரர்கள் ஐந்து பேர். டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் மிதித்துத் தள்ளுவான். கிதார்கள் அவனைத் துரத்திக்கொண்டு ஓடும். பாடகன் மூச்சு விடாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே போவான். பாட்டு முழுக்க வாள், பனி, கோட்டை, டிராகன். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“உனக்கென்ன வயசு? வாளத் தூக்கிட்டு சண்டைக்குப் போகப்போறியா?” என்று கேட்டேன்.

“நாள் முழுக்க மிஷின் டம் டம்முனு என் தலையில அடிக்குதுடி. எல்லாம் ஒரே அடி. இவங்க அதே டம்மை எடுத்து என்ன பண்றாங்க பாரு, குதிரையா ஓட விடறாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை.

அவளுக்கு மிகப் பிடித்தது ஏழு நிமிடப் பாட்டு ஒன்று. கோட்டைவாசல் பாட்டு என்று அவளே அதற்குப் பெயர் வைத்திருந்தாள். படை முழுக்க ஓடிப்போனபின் கிழட்டுக் காவல்காரன் ஒருவன் மட்டும் வாசலை விடாமல் நிற்கிறான். கடைசியில் எல்லா வாத்தியமும் ஒரே வெட்டில் நின்றுபோகும். பிறகு சின்ன மணி ஒன்று, மெல்லிசாக, மூன்று தடவை அடிக்கும். “நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு சொல்றான்” என்பாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

போன வருடம் அந்தப் பாட்டைப் புதிதாக வெளியிட்டார்கள். அக்கா கேட்டாள். மணி இல்லை. அன்றைக்கு வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

“எழுதுடி! எங்க மணியத் திருடினது யாருன்னு கேட்டு எழுது!”

நான் மனு தட்டச்சு செய்து தருகிற கடையில் வேலை செய்கிறேன். ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அவள் பெயரில் எழுதுவது நான்தான். எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் பதில் போட்டார்கள். மணி இருக்கிறதே, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒருவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார்.

போட்டேன். மூன்று தடவை, சுத்தமாக, மணி அடித்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடுடி” என்றாள்.

“முடிஞ்சிருச்சுக்கா.”

பழைய பதிவையும் போட்டுப் பார்த்தோம். அதிலும் அவளுக்கு மணி இல்லை.

காது டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து பள்ளத்தில் விழுந்தது. மெல்லிய, உச்ச ஸ்தாயி ஓசைகள் எல்லாம் போய்விட்டன, இனி வராது என்றார். வருடக்கணக்காக இரைச்சலில் நின்றதன் வினை, உடனே வேறு இடத்துக்கு மாறாவிட்டால் பேச்சும் கேட்காமல் போகும் என்று எழுதியும் கொடுத்தார். இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பிரஸ் ஷெட்டில் பத்தொன்பது மிஷின் ஓடும். அங்கே யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அவள் எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாசமாகப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

தன்னை பேக்கிங் பிரிவுக்கு மாற்றவும், ஷெட்டில் எல்லோருக்கும் காதுக் கவசம் தரவும் கேட்டு அக்கா கடிதம் கொடுத்தாள். அதுவரை கம்பெனி தந்தது, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஆளுக்கு இரண்டு பஞ்சு உருண்டை. ஆய்வாளர் கார் வெளியே போனதும் அதையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மேஜையில் ஒரு அச்சுத்தாள். நிதானமாகப் படித்தார்.

“‘இந்தப் பாட்டை மெதுவாகக் கேட்பவன் துரோகி. நான் காது கிழியக் கேட்பேன். ரத்தமே வந்தாலும் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்.’ இது நீங்க எழுதினதுதானம்மா?”

மூன்று வருடத்துக்கு முன் ரசிகர் பக்கத்தில் அந்தக் குழுவைப் பாராட்டி அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது அது. ஆனால் இந்த மூன்று வரியும் அவள் சொன்னவை அல்ல. அந்தப் பக்கத்தில் எவரும் மெதுவாகக் கேட்பதாக எழுதமாட்டார்கள், அப்படி எழுதினால் ரசிகரே இல்லை. மனு எழுதுகிற கை வேறு, உப்பு காரம் போடாமல் அடங்காது. உண்மையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஒரே காதில் மாட்டி, மெதுவாக வைத்துத்தான் கேட்பாள். காது வலிக்கிறது என்பாள்.

“சார், அது நான் சும்மா சேத்து எழுதினது” என்றேன்.

“அவங்க பேர்லதானே இருக்கு? வீட்டுல காதைக் கெடுத்துக்கிட்டு வந்து கம்பெனி மேல பழி போட்டா எப்படி?”

எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்கவேண்டும் போலிருந்தது. அக்கா அவர் உதட்டைக் கடைசிவரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

“வாங்க சார். உங்களுக்கும் ஒரு தடவ போட்டுக் காட்டறேன்.”

ஷெட் வாசலில் அவர் தம் மேஜையிலிருந்து எடுத்துவந்த கவசத்தை மாட்டப் போனார். கனத்த, நல்ல கவசம். அவருக்கு மட்டும் அது இருந்திருக்கிறது! அக்கா கையை நீட்டி மறித்தாள். தன் இயர்போனை அவர் இரண்டு காதிலும் செருகினாள். சத்தத்தை முழுதாக ஏற்றி, போனை அவர் கண்முன்னே காட்டினாள். கோட்டைவாசல் பாட்டு, உச்சக்கட்டம். பத்தொன்பது மிஷினும் அடித்துக்கொண்டிருந்தன. அவர் நெற்றியைச் சுருக்கினார். இயர்போனை விரலால் அழுத்திப் பார்த்தார். உதடு அசைந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் வரிசை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.

மறுநாள் அதிகாரியின் அறிக்கை வந்தது. இயர்போன் பழுதானது, அதிகாரி எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்று கூசாமல் எழுதியிருந்தார். ஷெட்டில் மற்ற பதினெட்டு பேரும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடிதத்தை நான்தான் அடித்தேன். உப்பும் இல்லை, காரமும் இல்லை. அதிகாரி சொன்னது இதுதான்: “ஒண்ணும் கேக்கலையே, பாட்டு ஓடுதா இல்லையா?”

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். அதிகாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எதிர்ச் சுவரோரம் நின்றோம்.

“அந்த இரைச்சல்ல இவர் பேசினது உங்க காதுல எப்படிய்யா விழுந்துச்சு?” என்றார் மேனேஜர்.

ஷெட்டில் மூத்தவருக்குக் கட்டை என்று பட்டப்பெயர். அவர்தான் பதில் சொன்னார். “காதுல விழல சார். எங்க காதுல எதுதான் விழுது? வாயப் பாத்தோம்.”

அதிகாரி சிரித்தார். மேனேஜர் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். கட்டை இடத்தைவிட்டு அசையாமல் சொன்னார்.

“‘இதுங்களுக்கு நாலு பஞ்சக் குடுத்து அனுப்பிடுங்க சார், இல்லன்னா அத்தன பேரும் டெஸ்ட்டுக்கு நிப்பானுங்க.’ சரியா சார்?”

அதிகாரி கையால் வாயை மூடிக்கொண்டார். மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

அத்தனை பேரும் காது டெஸ்ட்டுக்கு நின்றார்கள். அக்காவையும் சேர்த்துப் பத்தொன்பது பேரில் பதினான்கு பேருக்குக் காது பழுது. இப்போது எல்லோருக்கும் கவசம் இருக்கிறது, அக்கா பேக்கிங்கில் இருக்கிறாள். அதிகாரியை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அங்கே பெரிய அறையாம். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

சாயங்காலம் பஸ்ஸில் நானும் அவளும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்கிறோம். பாட்டு வெட்டி நின்றதும், மணி அடிக்க அடிக்க அவள் மணிக்கட்டில் மூன்று தடவை தட்டுவேன். முந்தாநாள் பக்கத்தில் யாரோ வழி கேட்க, நான் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“மணி அடிக்கலையாடி? அவன் போயிட்டானா?”

நான் அவள் கையைப் பிடித்து மூன்று தடவை தட்டினேன்.

“ஏன்டி இந்த அடி அடிக்கிற? வலிக்குது” என்றாள்.