கம்பத்துச் சித்தப்பாவும் டிவி கேமும்

போன மாதம் எங்கள் வீட்டு டிவி கண்ணை மூடிவிட்டது. புதிது வாங்கலாம் என்று பெரியகுளம் ரோட்டில் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். கதவு அகலத்துக்கு இருந்த ஒன்றைக் காட்டி, கடையில் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "இதுலயே கேமும் ஆடிக்கிரலாம் சார். உங்க வீட்ல டிவி பாக்குறவுக அதிகமா, கேம் ஆடுறவுக அதிகமா?"

சாதாரணக் கேள்விதான். நான் டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் யாரோ ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. சிலருக்கு மல்லிகைப்பூ வாசத்தில் பழைய காலம் வரும். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தெர்மாகோல் வாடையில்தான் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தேனி பஜாரில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன். டிவி வந்ததும் என்னை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அப்போது நம் பக்கத்துக்கு எட்டியது சிலோன் டிவி ஒன்றுதான், அதுவும் வானம் மனது வைத்தால். நீளப் பைப்பின் உச்சியில் ஆண்டெனாவையும் பூஸ்டரையும் கட்டி, கிழக்கே பார்த்து மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். "வருதா?" என்று நான் மேலிருந்து கேட்பேன். "வந்துச்சு, போயிருச்சு" என்று கீழிருந்து பதில் வரும். எனக்கு உயரம் என்றால் பயம். பைப்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் திருப்புவேன். பாதித் தேனிக்குப் படம் காட்டியவன் கண்ணை மூடிக்கொண்டுதான் காட்டினான் என்பது என் முதலாளிக்குக் கடைசிவரை தெரியாது.

படம் வந்தாலும் பாதி நேரம் சிங்களச் செய்திதான் ஓடும். ஒரு சொல் புரியாது. குடும்பம் மொத்தமும் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கும். வீரபாண்டி வரைக்கும் ஏதோ தெரியும். அதற்குத் தெற்கே மலை நெருங்க நெருங்கப் படம் மங்கிக்கொண்டே போகும். கம்பத்தில் வெறும் புள்ளி மழை.

அந்தக் கம்பத்தில்தான் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, இருந்தார். கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குப் பஸ் ஓட்டியவர். கூடலூர் தாண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு பஸ்ஸோடு பேசிக்கொண்டே போவார். எதிரே வரும் ஜீப்புக்காரனைத் தமிழில் ஒரு தடவையும் மலையாளத்தில் ஒரு தடவையும் வைவார். வீட்டுக்கு வந்தால் சித்தியோடு ஒரு சண்டை. குழம்பில் உப்பு, கொடியில் துணி, எதுவானாலும் சரி. சித்தியும் விடமாட்டாள். சண்டை ஓய்ந்துதான் இரண்டு பேரும் சாப்பிட உட்காருவார்கள்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போய், இரண்டு மூன்று சொற்கள் மட்டும் மிஞ்சின. தண்ணி. போ. இல்ல. உத்தமபாளையத்து டாக்டர் இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சித்தி வாசலைத் தாண்டவில்லை. தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, மறுபடி துடைப்பது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரும் வீட்டுக்கு வருவதும் குறைந்துபோனது. நோயாளி வீட்டுக்கு எத்தனை தடவைதான் வருவார்கள்.

ஒரே மகன் சேகர் சிங்கப்பூரில் வெல்டர். லீவில் வந்தபோது ஒரு டிவி கொண்டுவந்தான். "அப்பாவுக்குப் பொழுது போகணும்ணே" என்று என்னை வரச் சொல்லியிருந்தான். அந்தத் தெருவிலேயே உயரமான பைப்பை நட்டு, நாள் முழுக்கத் திருப்பினேன். கண்ணைத் திறந்துகொண்டும் திருப்பிப் பார்த்தேன். புள்ளி மழைதான் பெய்தது. சேகர் முகம் சுண்டிப்போய்த் திரும்பிச் சிங்கப்பூர் போனான். சித்தப்பா கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் புள்ளி மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவி வந்த பெட்டியின் அடியில் இன்னொரு சின்னப் பெட்டி கிடந்தது. வயரோடு இரண்டு குமிழ்கள். டிவி கேம் என்று சேகர் சொல்லியிருந்தான். குழந்தை இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த தடவை போனபோது, சும்மா இருக்க முடியாமல் எடுத்து மாட்டினேன். டிவியின் பின்னால் ஒரே ஓட்டைதான். ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருக வேண்டும். ஒன்று அது, இல்லையென்றால் இது.

திரை கறுத்தது. ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் சதுரமாக ஒரு புள்ளி. குமிழைத் திருப்பினால் கோடு ஏறும், இறங்கும். புள்ளி கோட்டில் பட்டால் டொக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் போகும். விட்டுவிட்டால் எதிராளிக்குப் பாயிண்ட். அவ்வளவுதான் ஆட்டம். சிலோனிலிருந்து எதுவும் வர வேண்டாம். எந்த மலையும் மறைக்காது.

ஒரு குமிழைச் சித்தப்பாவின் இடது கையில் வைத்தேன். அவர் விரல்கள் அதைச் சுற்றி மூடின. ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல் மெதுவாக இடப்பக்கம் ஒடித்தார். திரையில் கோடு ஏறியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல. திரும்ப ஒடித்தார். கோடு இறங்கியது. படுத்த பிறகு அவர் சொல்லி ஒரு பொருள் அசைந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு என்னை அவர் தோற்கடித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, நம்புங்கள். மலை வளைவில் இருபது வருடத்துக்கு மேல் பழகிய கை அது.

நான் வாரம் ஒரு தடவைதான் போக முடியும். அதனால் சித்திக்கும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வெட்கப்பட்டாள், அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். பிறகு சாயங்கால விளக்கு வைத்ததும் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து ஆடப் பழகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழையும்போது சண்டைச் சத்தம் கேட்டது. ஒரு குரல்தான் ஓங்கிக் கேட்டது, ஆனால் சண்டைதான். புள்ளி கோட்டில் பட்டுத்தான் போனது என்று சித்தி கத்துகிறாள். சித்தப்பா "இல்ல, இல்ல, போ" என்கிறார். என்னைக் கண்டதும் சித்தி எழுந்து அடுப்படிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இவுக விழுந்ததுலருந்து எனக்கு இவுக மேல கோவமே வரலடா. பாவம் பாவம்னே இருந்துச்சு. பாவம் பாத்துக்கிட்டே எத்தன நாளைக்கு ஒரு மனுசனோட இருக்க முடியும்? இன்னைக்குத்தான் கோவம் வந்துச்சு."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை.

இப்படி ஒரு வருடம் போனது. பிறகு கொடைக்கானல் மலையில் டவர் வந்தது. ஒரே ராத்திரியில் பள்ளத்தாக்கு முழுவதும் தமிழ்ப் படம் தெளிவாக விழுந்தது. எங்கள் கடையில் நிற்க இடமில்லை. கம்பத்தில் அப்போது டிவி இருந்த வீடுகள் குறைவு. நான் நட்டிருந்த பைப்பைப் பார்த்தே சனம் சித்தி வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பாட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு, சாயங்காலக் குளியல் ஈரத்தோடு பெண்கள். ஒருத்தி வெற்றிலை கொண்டுவருவாள், ஒருத்தி சுண்டல். சித்தி பல வருடம் கழித்து வாய் நிறையச் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த அறையில் மனித முகம் பார்க்காமல் எத்தனை நாள் இருந்தவள்.

ஆனால் ஓட்டை ஒன்றுதானே. சித்தப்பா "ஆட்டம்" என்பார். அது ஆட ஆரம்பித்த பிறகு அவருக்குத் திரும்பி வந்த சொல். "இது முடியட்டுங்க" என்பாள் சித்தி. ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும். இந்தியில் தொடர் வந்தாலும் கூட்டம் கலையாது, சிங்களச் செய்தி பார்த்த தேனிச் சனம்போலத்தான். மூலைக் கட்டிலைத் தாண்டித்தான் எல்லோரும் உட்காருவார்கள். "உங்களுக்கென்ன ராசா, படுத்துக்கிட்டே பாக்குறீக" என்று யாராவது அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

என் மூளைக்கு எட்டியதைச் செய்தேன். வயரைப் பிடுங்கிச் சொருகுவதுதான் தொந்தரவு என்று நினைத்து, தட்டினால் இதற்கும் அதற்கும் மாறுகிற மாதிரி சுவிட்ச் ஒன்று செய்து டிவியின் பக்கத்தில் பதித்தேன். மெக்கானிக் அல்லவா. கோளாறு வயரில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படும். அந்தச் சுவிட்சை யாரும் தட்டவில்லை.

மெல்ல அவர் கேட்பதை நிறுத்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் படம் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கட்டிலையே திருப்பிப் போட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், டிவியில் ஒன்றும் ஓடாத நேரம், சித்தி தானாகவே கேமை எடுத்து வைத்திருக்கிறாள். அவர் கையில் குமிழை வைத்து விரல்களை மூடிவிட்டிருக்கிறாள். கை அப்படியே கிடந்திருக்கிறது. மனசு விட்டுப்போனதா, நோய் அந்தக் கையையும் எடுத்துக்கொண்டதா, டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. புள்ளி அவர் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததாம்.

"ஒவ்வொரு தடவையும் எனக்கே பாயிண்ட் வருதுடா. அவுக ஒருக்காச்சும் திருப்புவாகன்னு ஆடிக்கிட்டே இருந்தேன். நானே ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்."

தை பிறக்கும் முன் அவர் போய்விட்டார். சேகரால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. காரியம் முடிந்ததும் டிவியைத் திரும்பப் போட்டார்கள். ஆனால் அதற்குள் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது, அதில் பாதியை மாட்டியது நான்தான். வெற்றிலைக்காரி அவள் வீட்டில் பார்த்தாள், சுண்டல்காரி அவள் வீட்டில். சித்தி தனியாக, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பல வருடம் பார்த்தாள். பிறகு அவளும் போனாள். சேகர் வீட்டை விற்றுவிட்டான்.

டிவி வாங்காமலே திரும்பிய மறுநாள் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். வீடு இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ். தெருவில் ஒரு வீட்டிலும் ஆண்டெனாப் பைப் இல்லை. அந்த நாளில் ஒரு சாயங்காலம் விடாமல் படம் பார்க்க வந்த பெண் ஒருத்தி, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள், வாசலில் நின்றாள். என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னாள். சித்தி வீட்டு டிவியைப் பற்றி அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தப் பாட்டுக்கு யார் அழுதார்கள், கரண்ட் போனால் யார் விசிறினார்கள், எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மூலையில் கட்டில் கிடக்குமே, அதில் இருந்தவரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் லாட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டில் கெடந்துச்சு. அங்கன ஆள் இருந்தாகளா?"