தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் மோட்டாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாலே போதும், பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

அவளுடைய தம்பி வெளியூர் வேலைக்குப் போகும்போது, தன் நான்கடி மீன்தொட்டியை அக்கா தலையில் கட்டிவிட்டுப் போனான். உள்ளே பதினோரு தங்கமீன்கள். இரண்டே மாதத்தில் ஐந்து செத்துப்போயின. தொட்டிக்குள் மாட்டியிருந்த சின்ன ஃபில்டர் பேருக்குத்தான் ஓடியது. இரண்டு நாளில் தண்ணீர் கலங்கும், மூன்றாம் நாள் நாறும். அவள் வாளி வாளியாக மொண்டு கொட்டிவிட்டு, குளியலறையிலிருந்து புதுத் தண்ணீர் தூக்கி வருவாள். பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வரும் புருஷன் வாசலிலேயே ஈரத்தில் வழுக்குவான்.

"நீ மீன் வளர்க்கிறியா, தண்ணி டிப்போ நடத்துறியா?" என்று ஒருநாள் கேட்டான்.

மறுநாளே அவள் காலித் தொட்டியை ஏற்றிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய் நின்றாள். தொட்டியின் பின்பக்கம், விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒரு துளை போடவேண்டும்; அதுவழியாக வழிகிற தண்ணீர் குழாயில் இறங்கி, கீழே அலமாரிக்குள் வைக்கப்போகிற இன்னொரு தொட்டியில் விழவேண்டும். அந்தக் கீழ்த்தொட்டிக்கு மூன்று அறை. முதல் அறையில் பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். நடு அறையில் ஓட்டை ஓட்டையான கற்கள். கழிவைத் தின்னும் கிருமிகள் அதில்தான் குடியிருக்கும். கடைசி அறையில் பம்ப். தெளிந்த தண்ணீரை அது மறுபடி மேலே அனுப்பும். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொட்டி உடைந்தால் தான் பொறுப்பில்லை என்று மட்டும் சொன்னார். உடையவில்லை. துளை போட்டு முடிகிறதற்குள் இவளுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

தடுப்புக் கண்ணாடிகளை அவளே பசை வைத்து ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டாள். மீன்கள் அதுவரை துணி ஊறவைக்கும் தொட்டியில் இருந்தன. பம்பைப் போட்டதும் தண்ணீர் சொன்னபடி கேட்டது. கீழே இறங்கியது, மேலே ஏறியது. புருஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

நான்காம் நாள், இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மின்சாரம் போனது. பம்ப் நின்றது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏறுகிற குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்ததால், போன வழியாகவே திரும்பி உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருந்த கீழ்த்தொட்டி பொங்கி, கூடம் நனைந்து, கீழ்வீட்டுக் கூரையிலிருந்து சொட்டியது. கீழ்வீட்டில் இருந்தது கணக்கு டீச்சர். சொட்டிய இடத்தில் மேஜை. மேஜைமேல் நாற்பத்து மூன்று விடைத்தாள்கள்.

மோட்டாரக்கா மாலையில் வந்து விஷயம் தெரிந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கினாள். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுதான் டீச்சர். பேப்பரக் குடுங்க, நாளைக்குக் காய வச்சுக் கொண்டாறேன்."

"ஒண்ணு குறைஞ்சாலும் நான் பதில் சொல்லணும்மா," என்றாள் டீச்சர். நம்பிக் கொடுக்க மனசில்லாமல், மறுநாள் கூடவே சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டு அரைமணி நேரம் அனுமதித்தார். மோட்டாரக்கா ஒவ்வொரு தாளையும் இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவே வைத்து, சூட்டைக் குறைத்து இஸ்திரி போட்டாள். டீச்சர் எண்ணி எண்ணி அடுக்கினாள். ஒரு தாளில் மட்டும் மை மொத்தமாகக் கரைந்திருந்தது. மோட்டாரக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரு வரிக் கறையைத் தவிர தாள் முழுக்க வெள்ளை. "விடும்மா. இவன் பேரைத் தவிர வேற எதுவும் எழுதல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே மோட்டாரக்கா தண்ணீரை மேலே ஏற்றும் அந்தக் குழாயில், மேல்தொட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஊசித்துளை ஒன்று போட்டாள். மட்டம் இறங்கியதும் அதுவழியாகக் காற்று புகுந்து உறிஞ்சலை அறுத்துவிடும். கீழ்த்தொட்டியிலும் பாதிக்குமேல் தண்ணீர் விடக்கூடாதென்று கோடு கிழித்தாள். சோதித்துப் பார்க்க டீச்சரையே கூப்பிட்டாள். டீச்சர்தான் சுவிட்சை அணைத்தாள். தண்ணீர் சளசளவென்று இறங்கி, குழாய் ஒருமுறை கொர்ரென்று காற்றை இழுத்தது. அதோடு நின்றது. கீழ்த்தொட்டியில் இன்னும் நான்கு விரல் இடம் மிச்சம்.

"இன்னொரு தடவ," என்றாள் டீச்சர். மூன்று தடவை அணைத்துப் பார்த்த பிறகுதான் படியிறங்கினாள்.

அடுத்த சில வாரம் தண்ணீர் பால்போல வெளுத்தே கிடந்தது. கிருமிகள் குடியேறப் பொறுமை வேண்டும் என்று அவள் தீனியைக் குறைத்து, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மட்டும் மாற்றினாள். ஆறாவது வாரம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தால், தொட்டிக்கு அந்தப்பக்கச் சுவரிலிருந்த நாள்காட்டியின் தேதி இந்தப்பக்கமிருந்தே தண்ணீர்வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மீன்களும் இருந்தன. பிரஷ் வாயில் இருந்தபடியே புருஷனை எழுப்பப் போனாள்.